பூட்டானைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூட்டான் என்றால் மகிழ்ச்சியான மக்கள், அழகான மன்னர், புகைப்படத்துக்கு ஏற்ற மடாலயம். பெரும்பாலான கட்டுரைகள் இதோடு முடிந்துவிடுகின்றன.

முதல் தவறு, அங்கே இன்னும் மன்னர் வைத்ததுதான் சட்டம் என்று எழுதுவது. 2008-இல் அரசியலமைப்புச் சட்டம் வந்தபின் ஆட்சி நடத்துவது தேர்தலில் வென்ற கட்சி. கீழவையில் 47 இடங்கள். முதல் சுற்றில் எல்லாக் கட்சிகளும் போட்டியிடும். முதலிரண்டு இடம் பிடித்தவை மட்டும் இறுதிச் சுற்றுக்குப் போகும். 25 பேர் கொண்ட மேலவையில் கட்சிக்காரர்களுக்கு இடமே கிடையாது. மன்னருக்கும் 65 வயதில் ஓய்வு உண்டு. இத்தனையும் போராடிப் பெற்றதல்ல. நான்காவது மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் தாமாகவே தொடங்கிவைத்து, 2006-இல் மகனிடம் பட்டத்தை ஒப்படைத்தார். மக்களில் பலர் இப்போது எதற்கு இது என்று தயங்கினார்கள்.

அதற்காக மன்னரை வெறும் அலங்காரமாகக் காட்டுவதும் சரியல்ல. மேலவையில் ஐந்து பேரை அவரே நியமிக்கிறார். தெற்கு எல்லையில் கெலெபு என்ற இடத்தில் புது நகரம் அமைக்கும் திட்டத்தை 2023 டிசம்பரில் அறிவித்ததும் பிரதமரல்ல, மன்னர்தான்.

பிக்குகள் ஆளும் நாடு என்ற நினைப்பும் பரவலாக உண்டு. ஜோங் எனப்படும் கோட்டைகளில் ஒரு பக்கம் மாவட்ட நிர்வாகம், மறுபக்கம் மடாலயம் என்று இருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உண்மையில் மதம் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்ற விதியின்படி, பிக்குகள் தேர்தலில் நிற்கவும் முடியாது, வாக்களிக்கவும் முடியாது.

என் பார்வையில் மிகப் பெரிய பிழை, பூட்டானியர் எல்லோரும் ஒரே இனம், ஒரே மொழி, ஒரே மதம் என்று எழுதுவது. மேற்கே ஙாலோப் மக்கள். அவர்களின் சோங்கா மொழிதான் தேசிய மொழி. கிழக்கே சார்சோப் மக்கள் பேசுவது சாங்லா. தெற்கே நேபாளி பேசும் லோட்சம்பாக்கள். இவர்களில் பெரும்பான்மையோர் இந்துக்கள். 1985 குடியுரிமைச் சட்டம், பூட்டானில் குடியிருந்ததைக் காட்ட 1958-ஐ வரம்பாண்டாக வைத்தது. 1988 கணக்கெடுப்பில் அதற்கான ஆதாரம் காட்ட முடியாத பலர் குடியுரிமை இழந்தார்கள். தேசிய உடையும் கட்டாயமானது. பள்ளிகளில் நேபாளி நின்றுபோனது. 1990-களில் நாட்டை விட்டு வெளியேறியவர்களும் முகாமில் பிறந்த பிள்ளைகளுமாக, கிழக்கு நேபாளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளாகக் கிடந்தார்கள். 2007-இலிருந்து பெரும்பாலோரை அமெரிக்கா உள்ளிட்ட நாடுகள் ஏற்றுக்கொண்டன. பூட்டான் திரும்ப அழைக்கவில்லை. நாட்டின் முன்னேற்றத்தை அளக்க பூட்டான் அரசு வைத்திருக்கும் 'மொத்த தேசிய மகிழ்ச்சி' பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டு இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை.

அந்த மகிழ்ச்சிக் கணக்கையும் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். எல்லோரும் சிரித்த முகமாக இருக்கிறார்கள் என்பதற்கான சான்றிதழ் அல்ல அது. உடல்நலம், கல்வி, நேரப் பயன்பாடு என ஒன்பது துறைகளில் எடுக்கும் கணக்கெடுப்பு. அரசுத் திட்டங்களைச் சீர்தூக்கப் பயன்படுகிறது. இளைஞர்கள் வேலையும் படிப்பும் தேடி ஆஸ்திரேலியாவுக்குப் போவதை அது தடுத்துவிடவில்லை.

இந்தியாவின் ஆளுகைக்கு உட்பட்ட நாடு என்பதும் பழைய பாடம். வெளியுறவில் இந்தியாவின் ஆலோசனைப்படி நடப்பதாக 1949 ஒப்பந்தத்தில் இருந்த வாசகம் 2007-இல் நீக்கப்பட்டது.

கடைசியாக, பெயர்கள். அரச குடும்பத்தைத் தவிர்த்துப் பெரும்பாலும் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. பெயரைப் பல நேரம் லாமாவே சூட்டுகிறார். முன்னாள் பிரதமர் லோட்டே செரிங்கும் அவருக்குப் பின் 2024-இல் பதவியேற்ற செரிங் டோப்கேயும் உறவினர்கள் அல்ல.