கால்வாயோர வீடு வாங்குகிறவர்கள் கடலிலிருந்து தொடங்குங்கள்

பாய்மரப் படகு நிறுத்துவதற்காகக் கால்வாயோரத்தில் வீடு தேடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: வீட்டைப் பார்க்க அவசரப்படாதீர்கள். முதலில் கடல், அப்புறம் முகத்துவாரம், ஆறு, பாலம், மதகு, கால்வாய், ஜெட்டி (படகுத்துறை) என்று வழியைப் பார்த்துக்கொண்டே உள்ளே வாருங்கள். வீட்டுக் கதவைக் கடைசியில் தட்டினால் போதும். இந்த வழியில் ஓர் இடத்தில் படகு சிக்கினாலும், அந்த வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது.

நான் மலேசியாவின் பேராக்கில், ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், லயத்தில் பிறந்து வளர்ந்தவன். லுமுட்டில் ஒரு படகுப் பட்டறையில் பாய்மரம் நிறுத்துவது, கம்பிவடம் கட்டுவது, ஃபைபர் ஒட்டுவது என்று வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று ஊருக்கே வந்துவிட்டேன். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் நன்றாக இருக்கிறார்கள். என் அக்கா மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். "மாமா, நம்ம ஊர்ப் பக்கமே ஆத்தோரமா ஒரு வீடு பாருங்க, பின்வாசல்ல படகு நிக்கணும்" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எல்லாருக்கும் எழுதுகிறேன்.

படகின் நான்கு அளவுகள் கையில் இல்லாமல் வீடு பார்க்கப் போகக் கூடாது. நீளம், அகலம், தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் ஆழம், தண்ணீர் மட்டத்திலிருந்து பாய்மர உச்சி வரை உள்ள உயரம். 12 மீட்டர் படகு ஒன்றை எடுத்துக்கொண்டால், கீலோடு (படகின் அடியில் நீட்டியிருக்கும் கனமான பகுதி) சேர்த்து ஏறக்குறைய 1.8 மீட்டர் தண்ணீருக்குள் இருக்கும், பாய்மரம் 18 மீட்டர் அளவுக்கு மேலே நிற்கும். உச்சியில் இருக்கும் ரேடியோ ஆன்டெனாவையும் காற்றுக்காட்டியையும் சேர்த்து அளக்க வேண்டும். இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் என்றால் ஆழம் குறைவு, ஆனால் அகலம் 6, 7 மீட்டர் பிடிக்கும். படகு இன்னும் வாங்கவில்லை என்றால், எந்த அளவுப் படகு என்பதை முடிவு செய்த பிறகு வீடு தேடுங்கள்.

மலாக்கா நீரிணையில் ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை வற்றும். ஆனால் ஏற்ற இறக்கம் எல்லா இடத்திலும் ஒன்று இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருநீர் நாட்களில் பினாங்கில் சுமார் 2 மீட்டர் என்றால், போர்ட் கிள்ளானில் சுமார் 4 மீட்டர். அதனால் பினாங்கில் இருக்கும் நண்பர் "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லையே" என்று சொன்னால், அதை வைத்துச் சிலாங்கூரில் வீடு வாங்க முடியாது.

வீட்டுத் தரகர் உங்களை எப்போதும் நீர் நிறைந்திருக்கும் நேரத்தில்தான் கூட்டிப் போவார். விளம்பரத்தாளில் உள்ள படமும் அப்போது எடுத்ததுதான். நீங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாட்களில் நீர் மிக உயரமாக ஏறும், அதே நாளில் மிகத் தாழ்வாகவும் வற்றும். அந்த வற்றுநேரத்தில் போய்ப் பாருங்கள். சேறு எங்கே தலைகாட்டுகிறது, கால்வாய் நடுவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் அப்போது கண்ணுக்கே தெரியும். நேரம் தெரிந்துகொள்ள, கடற்படையின் தேசிய நீர்ப்பரப்பாய்வு மையம் ஆண்டுதோறும் வெளியிடும் நீரேற்ற அட்டவணை இருக்கிறது.

பேராக், சிலாங்கூர் கரைகளில் எந்த ஆற்றின் முகத்துவாரத்தை எடுத்துக்கொண்டாலும் பெரும்பாலும் சேறுதான். ஆற்றுக்குள் ஆழம் நன்றாக இருக்கும், வாயில் சேற்றுத் திட்டு மறித்துக்கொண்டு கிடக்கும். சிறிய ஆறுகளுக்குக் கடல் வரைபடத்தில் உள்ள ஆழத்தை மட்டும் நம்பாதீர்கள், சேறு இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு சம்பானை (சிறு படகை) வாடகைக்குப் பிடித்து, ஈயக்குண்டு கட்டிய கயிற்றில் மீட்டர் முடிச்சுப் போட்டு, வழிநெடுக இறக்கிப் பாருங்கள். ஒவ்வொரு அளவுக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திட்டின் மேல் 2.1 மீட்டர் கிடைத்தது, அந்த நேரத்துக்கு அட்டவணை 1.9 மீட்டர் ஏற்றம் காட்டுகிறது என்றால், அட்டவணையின் பூஜ்ஜிய மட்டத்தில் அங்கே இருப்பது வெறும் 0.2 மீட்டர்.

இந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போடலாம். படகுக்கு 1.8, அடியில் பாதுகாப்புக்கு 0.5, ஆக 2.3 மீட்டர் வேண்டும். திட்டில் 0.2 இருப்பதால், நீர் 2.1 மீட்டர் வரை ஏற வேண்டும். அன்றைய வற்றுமட்டம் 0.5, உச்ச மட்டம் 3.5 என்று வைத்துக்கொள்வோம், ஆக மொத்த ஏற்றம் 3 மீட்டர். நீர் ஒரே வேகத்தில் ஏறாது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, அப்புறம் இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று என்று ஆறு மணி நேரத்தில் ஏறும். இங்கே ஒரு பங்கு 0.25 மீட்டர். மூன்று மணி நேரத்தில் 1.5 மீட்டர் ஏறி 2.0 ஆகும், இன்னும் சிறிது நேரத்தில் 2.1 வந்துவிடும். ஆக, உச்ச நீருக்கு முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான நேர வாசல் உங்களுக்குக் கிடைக்கிறது. ஒரு நாளில் வரும் இரண்டு வாசல்களில் ஒன்று நடு இரவில் விழலாம். பெருநீர் நாட்களுக்கு இடையே வரும் அரைநிலா நாட்களில் ஏற்றமே குறைவு என்பதால் வாசல் இன்னும் சுருங்கும். இந்தக் கட்டுப்பாட்டோடு வாழ முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். வார இறுதியில் மட்டும் படகு ஓட்டுகிறவருக்கு இது பெரிய விஷயம்.

நமது தோட்டப் பக்கங்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கடலோரத் தோட்டங்களில் கண்ணுக்கு அழகாகத் தெரியும் கால்வாய்களில் பெரும்பாலானவை வடிகால்கள். கடல்நீர் உள்ளே வராமல் கரையோரம் 'பான்' என்கிற மண் அணை போட்டு, கால்வாய் வாயில் நீர்ப்பாசன வடிகால் இலாகா மதகு வைத்திருக்கும். வெளியே நீர் வற்றும்போது மதகைத் திறந்து உள்நீரை வடிப்பார்கள், கடல் ஏறும்போது மூடிவிடுவார்கள். படகுக்குத் தேவை இதற்கு நேர் எதிர்! ஆழம் இருக்கும் நேரத்தில் மதகு மூடியிருக்கும், மதகு திறந்திருக்கும் நேரத்தில் ஆழம் இருக்காது. பாய்மரம் நிமிர்ந்த படகு அதன் சட்டத்துக்கு அடியில் நுழையவும் முடியாது. அந்த மதகுதான் செம்பனையையும் தென்னையையும் உப்புநீரிலிருந்து காப்பாற்றுகிறது, உங்களுக்காக யாரும் அதை மாற்ற மாட்டார்கள், மாற்றவும் கூடாது. ஆகவே வீடு மதகுக்கு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். உள்பக்கம் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

பாலம் விஷயத்தில் கடல் வரைபடத்தில் போட்டிருக்கும் இடைவெளி உயரம் உச்ச நீர்மட்டத்திலிருந்து கணக்கிட்டது. நீர் வற்றினால் இடைவெளி கூடும். அதனால் சிலர் "வற்றுநேரத்தில் போய்விடலாம்" என்று திட்டமிடுகிறார்கள். அதே வழியில் சேற்றுத் திட்டும் இருந்தால் என்ன ஆகும்? பாலம் தாழ்ந்த நீரைக் கேட்கும், திட்டு உயர்ந்த நீரைக் கேட்கும். இரண்டுக்கும் ஒத்துவரும் நேரம் இருக்கிறதா என்று மேலே சொன்ன அதே கணக்கில் போட்டுப் பாருங்கள். சில வழிகளில் அப்படி ஒரு நேரமே வராது. ஆற்றைக் கடக்கும் மின்கம்பிகளையும் மறக்காதீர்கள். அலுமினியப் பாய்மரம் உயர் அழுத்தக் கம்பியைத் தொட வேண்டியதில்லை, மிக நெருங்கினாலே மின்சாரம் பாயும். அங்கே சில மீட்டர் இடைவெளி கட்டாயம் வேண்டும்.

அமெரிக்க ஃபுளோரிடாவின் கால்வாய் வீடுகளை வீடியோவில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். அங்கே ஃபோர்ட் லாடர்டேலில் நீரின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் நிலையான ஜெட்டியிலேயே படகைக் கட்டிவிடுகிறார்கள். அவர்களுடைய முக்கியக் கவலை பாலம்தான். அந்தக் கடலோர உள்நீர்வழியில் நிலையான (திறந்து மூடாத) பாலங்களுக்குப் பொதுவான இடைவெளி 65 அடி. மயாமியின் ஜூலியா டட்டில் பாலம் மட்டும் 56 அடி. அதனால்தான் அங்கே "வழியில் நிலையான பாலம் இல்லை" என்பது வீட்டு விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும். நம்மூர் விளம்பரத்தில் அந்த இடத்தில் வர வேண்டியது, முழு வற்றில் எத்தனை மீட்டர் என்பது.

நிலையான ஜெட்டியா, மிதவை ஜெட்டியா என்று கேட்டால், 3 மீட்டர் ஏறி இறங்கும் இடத்தில் மிதவைதான். படகும் மிதவையும் சேர்ந்தே ஏறி இறங்கும், கயிற்றை யாரும் தளர்த்தி இறுக்க வேண்டாம். ஆனால் கரையிலிருந்து மிதவைக்கு இறங்கும் பலகையின் நீளத்தைக் கவனியுங்கள். 6 மீட்டர் பலகை 3 மீட்டர் தாழ்ந்தால் 30 பாகைச் சரிவு. மழையில் நனைந்தால் இளைஞர்களே சறுக்குவார்கள். என் அக்காவுக்கு முழங்கால் வலி, மகனோடு படகில் போக அவருக்கு ஆசை. அதனால் 12 மீட்டர் பலகை போட இடம் இருக்கும் வீடாகப் பார்க்கச் சொன்னேன், சரிவு பாதியாகிவிடும். கால்வாயின் அகலமும் முக்கியம். எதிர்வீட்டுப் படகுகள் கட்டியிருக்கும்போது நடுவில் மிஞ்சும் தண்ணீர், உங்கள் படகு நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருந்தால்தான் நிம்மதியாகத் திருப்பலாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடிவதற்கு முன் சுமத்ரா பக்கத்திலிருந்து திடீர்க் காற்று அடிக்கும். மேற்கே திறந்த நீர்ப்பரப்பு உள்ள ஜெட்டியில் படகு இடிபடும்.

கரைச்சுவரைப் பார்க்கும்போது சுவரை மட்டும் பார்த்தால் போதாது, அதன் பின்னால் இருக்கும் புல்தரையில் நடந்து பாருங்கள். எங்காவது குழி விழுந்திருந்தால், ஒவ்வொரு வற்றிலும் மண் சுவர் இடுக்கு வழியே கசிந்து போகிறது என்று பொருள். சுவர் கால்வாய்ப் பக்கம் சாய்ந்திருக்கிறதா, கான்கிரீட்டில் துருக்கறை ஓடுகிறதா, நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்பதையும் வற்றுநேரத்தில்தான் பார்க்க முடியும். அந்தச் சுவரைத் திரும்பக் கட்டுவது பெரிய செலவு. மரத்தூண் ஜெட்டி என்றால், சேற்றுக்குச் சற்று மேலே ஒரு கத்தியால் குத்திப் பாருங்கள். மரம் துளைக்கும் கடற்புழு உள்ளே தின்றிருந்தால் கத்தி சுலபமாக இறங்கிவிடும். மேலே பார்க்கத் தூண் திடமாகவே தெரியும்.

நிலப் பத்திரத்துக்கு வருவோம். நம் மக்கள் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் முழுவதையும் இறக்குவது இங்கேதான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் செய்து கிராண்டை (நிலப் பட்டாவை) படியுங்கள். மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்று இருந்தால், மலாய்க்காரர் அல்லாத நம் பெயருக்கு மாற்ற முடியாது. விவசாய நிலம் என்றால், வீடு கட்ட நிபந்தனை மாற்றம் தேவையா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஆற்றோரத்தில் ஆற்று ஒதுக்கீடு, அதாவது ஆற்றுக்காக விட வேண்டிய கரை நிலம், என்று ஒன்று உண்டு. 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர் என்பது வடிகால் இலாகாவின் வழிகாட்டி அளவு. எங்கள் பெர்னாம் ஆறு அந்த வகை. நீங்கள் பின்வாசல் என்று நினைக்கும் புல்தரையே உங்களுடையதாக இல்லாமல் இருக்கலாம், அதில் ஜெட்டி கட்ட அனுமதி தனியாக வேண்டும். பழைய ஜெட்டி இருந்தால், அது எந்த அனுமதியில் நிற்கிறது, அந்த அனுமதி வாங்குகிறவருக்கு மாறுமா என்று எழுத்தில் கேளுங்கள். 1965 தேசிய நிலச் சட்டத்தின் 49ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. ஆறோ கடலோ அரித்து உள்ளே வந்தால், நீருக்குள் போன பகுதி அரசு நிலமாகிவிடும். நீர் பின்வாங்கினால் உங்கள் எல்லை நீளாது. அதனால் ஆறு வளையும் இடத்தின் வெளிப்பக்கக் கரையில் வீடு வாங்க வேண்டாம், அரிப்பு அங்கேதான்.

வீட்டுக்கு எடுக்கும் அடிப்படைத் தீக் காப்புறுதியில் வெள்ளம் சேராது, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மார்ச், செப்டம்பரை ஒட்டி வரும் பெருநீர் போன ஆண்டு எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். சுவரில் கறை கோடாக இருக்கும், அதுவே சொல்லிவிடும்.

இவ்வளவு தேடலுக்கு நேரமில்லை என்பவர்கள் திட்டமிட்டுக் கட்டிய மரினா குடியிருப்புகளைப் பார்க்கலாம். பினாங்கில் ஸ்ட்ரெய்ட்ஸ் கீ, ஜோகூரில் செனிபோங் கோவ், புத்திரி ஹார்பர் போன்றவை உண்டு. ஜோகூரில் மட்டும் ஒன்று கவனியுங்கள். சிங்கப்பூரோடு இணைக்க 1924இல் திறந்த ஜோகூர் பாலத்தடம் நீரிணையை இரண்டாக அடைத்துவிட்டது. செனிபோங்கிலிருந்து கிழக்கேதான் வெளியேற முடியும், புத்திரி ஹார்பரிலிருந்து மேற்கே இரண்டாம் இணைப்புப் பாலத்துக்கு அடியில்தான் போக வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் படகில் போக சிங்கப்பூரையே சுற்ற வேண்டும். இத்தகைய குடியிருப்புகளில் சேறு தூர்வாரும் செலவு யாருடையது, கடைசியாக எப்போது தூர்வாரினார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எங்கள் பக்கமே வேண்டும் என்பவர்கள், ஜெட்டியில் மீன் இறக்கும் சீனத் தவ்கேக்களிடமும் (முதலாளிகளிடமும்) படகோட்டிகளிடமும் ஒரு காலைப் பொழுது பேசுங்கள். இருட்டில் முகத்துவாரத்தைக் கடக்கிறவர்கள் அவர்கள். எந்தக் கம்பத்தைப் பார்த்து வளைய வேண்டும், மழைக்குப் பின் எங்கே மரக்கட்டை மிதந்து வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அப்புறம் உங்கள் படகின் அளவுக்கு ஆழமும் உயரமும் உள்ள ஒரு படகில், அவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கடலிலிருந்து அந்த வீட்டு ஜெட்டி வரை வந்து, அடுத்த ஏற்றத்தில் திரும்பிப் போய்ப் பாருங்கள். இந்த ஓட்டம் சரியாக முடிந்தால்தான் மீதிப் பணம் என்று வாங்கல் விற்றல் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.