நிர்வாக சபைத் தெரிவுக்கு முன் ஒரு பரிந்துரைக் குழு

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழுள்ள கமக்காரர் அமைப்பாயினும் முல்லைத்தீவுக் கரையோர மீனவர் சங்கமாயினும், வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிய, அரைமணி நேரத்தில் நிர்வாகம் அமைந்துவிடுவது நல்லதன்று. அமைப்பின் யாப்பு (விதிக்கோவை) இடமளித்தால், இரண்டு மாதங்களுக்கு முன்பே, தாம் போட்டியிடாத மூவரை, பதவிகளுக்கு ஏற்றவர்களைத் தேடிப் பெயர் சொல்லும் பரிந்துரைக் குழுவாக நியமியுங்கள். நடப்புத் தலைவர் அதில் இருக்கவே கூடாது.

நடப்புச் சபையில் எது குறைந்தது என்பதைக் குழு முதலில் ஆராய வேண்டும்: கணக்குப் புத்தகம் எழுதத் தெரிந்தவர் உண்டா, வாய்க்காலின் கடைசி வயற்காரருக்காகப் பேச ஆளுண்டா? பிறகு வீடு தேடிச் சென்று, பதவியின் வேலையையும் அதற்குச் செல்லும் நேரத்தையும் மறைக்காமல் சொல்லி, சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களை, அவர்கள் கூலிவேலை முடிந்து திரும்பும் மாலையில் சென்று கேளுங்கள். பகலில் போய்விட்டு 'ஆளில்லை' என்று எழுதுவது அநியாயம்.

குழுவுக்குப் பரிந்துரைக்கும் உரிமை மட்டுமே உண்டு; ஆகவே, பெயர்களை முன்கூட்டியே அறிவித்தல் பலகையில் ஒட்டி, கூட்டத்தில் நேரடி முன்மொழிவுக்கும் இடம் விடுங்கள்.