முதல் நியமனம் வன்னியிலா? போகுமுன் வாசியுங்கள்

2014இல் என் முதல் நியமனக் கடிதத்தில் இருந்த பாடசாலையின் பெயரை யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஏ9 வீதியில் மாங்குளத்தில் இறங்கி, முல்லைத்தீவுப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, ஒட்டுசுட்டான் தாண்டி இறங்கி, பிறகு காட்டோரக் கிரவல் பாதையால் உள்ளே போகவேண்டும். அங்கே ஐந்து வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தேன். இப்போது அந்தப் பக்கம் நியமனம் கிடைக்கிற தங்கச்சிமார் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, நாளாந்தம் போய்வரலாமா?" என்பதைத்தான். முதல் தவணை மட்டுமாவது ஊரிலேயே தங்குங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

காலை 7.30க்கு வரவுப் பதிவேட்டில் அதிபர் சிவப்புக் கோடு போட்டுவிடுவார். தூரத்திலிருந்து வருகிறவர் ஒரு பஸ்ஸை நம்பி வருகிறார். பின்னேரம் 1.30க்கு மணி அடித்தவுடன் அதே பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார். பிள்ளையின் வீடு எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பயணமும் நடக்காது. "ரீச்சர், இண்டைக்கு பஸ் வராது, தண்ணி ரோட்டுக்கு மேலால பாயுது" என்று நான் தங்கியிருந்த வீட்டு அம்மா சொன்ன காலைகள் பல. நான் நடந்தே பள்ளிக்கூடம் போனேன். அன்றைக்கு வந்திருந்த பதினொரு பிள்ளைகளுக்கும் நான் ஒருத்திதான்.

தங்க ஆசிரியர் விடுதி இல்லாவிட்டால், கடமையேற்கப் போகிற அன்றைக்கே அதிபரிடம் கேளுங்கள். அறை பார்க்கும்போது கிணற்றையும் கழிப்பறையையும் பாருங்கள். தண்ணீரைச் சுட வைத்து, கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதா என்றும் பாருங்கள். படிந்தால் குடிக்க வேறு தண்ணீர் எடுக்க வழி கேட்க வேண்டும்.

கொண்டுபோகும் பையில் நுளம்பு வலை கட்டாயம் இருக்கட்டும். நுளம்புக்கு மட்டும் இல்லை. மழைக்காலத்தில் கட்டுவிரியன் பாம்பு இரவில் வீட்டுக்குள் வரும். நிலத்தில் படுப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. வலையின் ஓரத்தைப் பாயின் கீழ் நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள். நல்ல ரோச் லைற் ஒன்று, மழைக்கோட்டு, சீக்கிரம் காய்கிற சேலைகள் நாலைந்து போதும். நூல் சேலை கார்த்திகையில் இரண்டு நாளானாலும் காயாது. 1990 அம்புலன்ஸ் இலக்கத்தைக் கைபேசியில் போட்டுவையுங்கள், அது இலவசம். சிக்னல் எங்கே கிடைக்கும் என்று முதல் நாளே கேட்டுவையுங்கள். எங்களுக்குக் குளக்கட்டில் ஏறினால்தான் கிடைத்தது.

மாலை ஆறு மணிக்குப் பிறகு காட்டுப் பாதையில் சைக்கிள் வேண்டாம், யானை நிற்கும். மிதிவெடி என்று மண்டையோட்டுப் பலகை நட்டிருக்கிற காணிக்குள், பிள்ளைகளே கூப்பிட்டாலும், காலடி வைக்க வேண்டாம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு முதல் சம்பளம் மூன்றாம் மாதம்தான் நிலுவையோடு வந்தது. அதுவரைக்கும் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் காசு கையில் இருக்க வேண்டும். நியமனக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், கடமையேற்புக் கடிதம் எல்லாவற்றிலும் ஐந்து ஐந்து பிரதிகள் எடுத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் போட்டோக் கொப்பிக்கு ஒரு நாள் லீவு போட வேண்டி வரும்.

இனி வகுப்பு. தரம் 1, 2, 3 மூன்றும் ஒரே மண்டபத்தில், ஒரே ஆசிரியரிடம் இருக்கக்கூடும். மூன்று தரத்துக்கும் தனித்தனிப் பாடக்குறிப்பு எழுதி முதல் வாரத்திலேயே களைத்துப் போகாதீர்கள். பாடம் ஒன்றாக இருக்கட்டும், வேலை மூன்றாகப் பிரியட்டும். நான் ஈர்க்குக் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பட்டியால் கட்டி வைத்தேன். ஒன்றாம் தரம் எண்ணும், இரண்டாம் தரம் கட்டும், மூன்றாம் தரம் கட்டை அவிழ்த்துக் கழிக்கும். மூன்றாம் தரப் பிள்ளை ஒன்றாம் தரப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும்போது குறுக்கே போகவேண்டாம். அது என்னைவிட நன்றாகச் சொன்னதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் இருப்பார்கள். பள்ளிக்கூடத்துச் சாப்பாடு முடிந்த பிறகு கணிதத்தை வையுங்கள். அதற்கு முன் பாட்டும் கதையும் போதும்.

முதல் கிழமை நான் செய்த பிழை ஒன்று. வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பி, "அப்பா என்ன வேலை?" என்று கேட்டுக்கொண்டு வந்தேன். மூன்றாவதாக எழும்பியவன் பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்துப் பிள்ளை, "ரீச்சர், அவனுக்கு அப்பா இல்லை" என்றாள். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். 2009இல் போர் முடிந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. எனக்கு அது தெரியாததில்லை, ஆனால் யோசிக்கவில்லை. அதன் பிறகு "வீட்டில் யார் யார் இருக்கிறீங்கள்?" என்றுதான் கேட்டேன். இப்போதைய பிள்ளைகள் போருக்குப் பின் பிறந்தவர்கள். ஆனாலும் அவர்களின் தாய்மார் அன்றைக்குப் பிள்ளைகளாக இருந்தவர்கள். ஆகவே நீங்களும் அந்த இரண்டாவது கேள்வியையே கேளுங்கள்.

வராத பிள்ளையைப் பதிவேட்டில் மட்டும் குறித்துவிட்டு விடாதீர்கள். பின்னேரம் வீட்டுக்கு நடந்து போங்கள். ஒரு பையன் தை மாதத்தில் எட்டு நாள் வரவில்லை. போய்ப் பார்த்தால், முற்றத்தில் தாயோடு இருந்து பிடுங்கிய கச்சானைச் செடியிலிருந்து ஆய்ந்துகொண்டிருந்தான், விரல்களெல்லாம் மண். தாய் எழும்பி, "ரீச்சர், கூலிக்கு ஆள் பிடிக்கக் காசில்லை" என்றார். நான் பேசாமல் பாயில் இருந்து நானும் ஆய்ந்தேன். எண்களைக் கூட்டத் தடுமாறுகிறவன் என்று நான் குறித்து வைத்திருந்த அந்தப் பிள்ளை, எத்தனை கொத்து ஒரு சாக்குக்கு, எத்தனை சாக்கு வியாபாரிக்கு, வீட்டுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று மனத்தால் கணக்குச் சொன்னான். அவனால் முடியாதது கணக்கு இல்லை, கொப்பியில் எழுதுவதுதான். அடுத்த கிழமையிலிருந்து கொத்தும் சாக்கும்தான் எங்கள் பயிற்சிக் கணக்கு. தாயிடம், "ஒன்பது மணிக்காவது அனுப்புங்கோ அம்மா, மிச்சம் ஆயிறதுக்குப் பின்னேரம் நான் வாறன்" என்றேன். மறுநாள் ஒன்பதே காலுக்கு அவன் வாசலில் நின்றான், சட்டைப் பையில் எனக்கென்று ஒரு பிடி கச்சானோடு.