மானுக்குத் தோட்டா இல்லை: திருகோணமலையில் பயிர்ப் பாதுகாப்புத் துவக்கும் தோட்டாவும் தெரிவு செய்யும் முறை

கந்தளாய், தம்பலகாமம், மூதூர், சேருவில, வெருகல் என்று காட்டோரம் வயலும் தோட்டமும் வைத்திருப்பவர்கள் துவக்கு வாங்க நினைக்கும்போது முதலில் கேட்பது, "மானுக்கு எந்தத் தோட்டா, பன்றிக்கு எந்தத் தோட்டா?" என்றுதான். கேள்வியின் முதல் பாதிக்கு இங்கே இடமில்லை. அதைத் தெளிவாக்கிவிட்டுத்தான் துவக்குக்குப் போக வேண்டும்.

படி 1: எதைச் சுடக்கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் திருத்தங்களுடன் நடைமுறையில் இருக்கிறது. புள்ளிமானும் மரையும் அதன் பாதுகாப்பில் உள்ளவை. மான் உங்கள் பயற்றங்கொடியை மேய்ந்தாலும் அதைச் சுடப் பயிர்ப் பாதுகாப்பு உரிமம் இடம் தராது. இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். திருகோணமலை நகரின் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயில் வீதியிலும் ஆட்களுக்குப் பயப்படாமல் நிற்கிறதே, அதே இனப் புள்ளிமான்தான் காட்டோரத் தோட்டத்துக்கும் வருகிறது.

இணையத்தில் பார்த்துவிட்டு .243 நல்லதா, .308 நல்லதா என்று றைபிள் தோட்டா வகைகளைக் கேட்பவர்களும் உண்டு. அவை மான் வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளின் கணக்கு. இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டின் மான் சட்டம், பெரிய மான்களுக்கு .240 அங்குலத்துக்குக் குறையாத விட்டமும் 1,700 அடி-இறாத்தலுக்குக் குறையாத வேகச் சக்தியும் உள்ள றைபிள் வேண்டும் என்கிறது. அங்கே அந்தச் சட்டம் மான் வதைபடாமல் சாக வேண்டும் என்று பார்க்கிறது. இங்குள்ள சட்டம் மானைச் சுடவே விடாது. பயிர்ப் பாதுகாப்புக்கு இங்கே கிடைப்பது றைபிள் அல்ல, சன்னம் சிதறும் சொட்கன், நாம் "போர் 12" என்று சொல்லும் வகை (போர் என்பது குழலின் உள்விட்ட அளவு). அதனால் அந்த ஒப்பீட்டுப் பட்டியல்களை இங்கே பயன்படுத்த முடியாது.

யானைக்கும் இந்தத் துவக்கு கூடாது. சன்னம் யானையை உடனே கொல்வதில்லை. தோலுக்குக் கீழே தங்கிச் சீழ்பிடிக்கும். வலியோடு திரியும் யானை அடுத்த முறை வரும்போது ஆளைத் தாக்கக்கூடும். யானைக்கு, சத்தத்தால் விரட்டும் யானை வெடியை வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேளுங்கள்.

மிஞ்சுவது காட்டுப்பன்றி. அது பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இல்லை. மரவள்ளி, வற்றாளை, கச்சான், சோளம் என்று கிண்டி நாசமாக்குவதும் பெரும்பாலும் அதுதான். இனி வரும் படிகள் எல்லாம் பன்றியை மனதில் வைத்துத்தான்.

படி 2: உரிமம்

துவக்கு வாங்க முன்னர் உரிமம் வேண்டும். சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். பயிர்ப் பாதுகாப்புக்கான உரிமத்தை வழங்குபவர் மாவட்டச் செயலாளர். கிராம அலுவலரிடமிருந்து தொடங்குங்கள். காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், பயிர்ச் சேதம் பற்றிய விபரம் இரண்டையும் கையில் வைத்திருங்கள். பொலிஸ் பக்கமும் விசாரணை வரும். உரிமம் நாட்காட்டி ஆண்டுக்குத்தான். டிசம்பர் 31இல் முடிகிறது, புதுப்பிக்க வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இரண்டிடத்தில். ஒன்று, அயல் வயல்காரருக்கு ஒரு இரவுக்கு என்று இரவல் கொடுப்பது. உரிமம் உங்கள் பெயருக்கானது, வேறு கைக்கு மாறினால் இருவரும் மாட்டுவீர்கள். இரண்டு, துவக்கோடு சரணாலய எல்லைக்குள் போவது. சேருவில-அல்லை சரணாலயத்தை ஒட்டிக் காணி வைத்திருப்பவர்கள் எல்லைக் கல் எங்கே நிற்கிறது என்று பகலில் நடந்து பார்த்து வையுங்கள். இரவில் பன்றியின் பின்னால் ஓடும்போது எல்லை தெரியாது.

படி 3: துவக்கைத் தெரிவு செய்தல்

ஆரம்பக்காரருக்கு ஒற்றைக் குழல், மடித்துத் திறக்கும் 12 போர் போதும். மடித்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கு நேரே தெரியும். பரணில் ஏறும்போதும் வரம்பில் வழுக்கும்போதும் அதைத் திறந்து தோட்டாவை எடுத்துவிடலாம். ரிப்பீட்டரில், அதாவது பல தோட்டா நிரப்பி அடுத்தடுத்துச் சுடும் துவக்கில், குழாய்க்குள் இன்னொரு தோட்டா ஒளிந்திருக்கும். அதை மறந்தவர்களால்தான் வீட்டுக்குள் வெடி நடக்கிறது. இரட்டைக் குழல் நல்லதுதான். ஆனால் விலையும் பாரமும் கூட, பழையது என்றால் இரண்டு குழலையும் இரண்டு விசையையும் சோதிக்க வேண்டும்.

பழைய துவக்கு வாங்குகிறீர்கள் என்றால் அவசரப்படாதீர்கள். தோட்டா இல்லை என்று உறுதி செய்துவிட்டுக் குழலைக் கழற்றி, பின்பக்கத்தால் வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். உட்சுவரில் ஒரு வளையம் போல நிழல் விழுந்தால் குழல் அந்த இடத்தில் வீங்கியிருக்கிறது. அதைத் தொடவேண்டாம். கறுப்புப் புள்ளிகள் உப்புக்காற்றின் அரிப்பு. மேலோட்டமாக இருந்தால் பரவாயில்லை, நகம் தடக்கும் ஆழம் என்றால் விடுங்கள். வெளியே குழல் முழுக்க நெளிநெளியாக, நெய்த துணிபோல் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். பெரும்பாலும் பழைய கறுப்பு வெடிமருந்துக் காலத்துக்குச் செய்தது. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டால் குழல் கிழியக்கூடும், குழலைத் தாங்கும் இடது கை அதற்கு நேரே இருக்கும்.

பிறகு முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலைப் பூட்டி, துவக்கை ஆட்டிப் பாருங்கள். குழலுக்கும் உடலுக்கும் இடையில் கடகட என்று ஆட்டம் இருந்தால் பூட்டு தேய்ந்துவிட்டது. குதிரையை, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியலை, பாதியில் நிறுத்தி, விசையை அழுத்தாமல் பெருவிரலால் முன்னே தள்ளுங்கள். வழுகி விழுந்தால் அந்தத் துவக்கு கீழே விழுந்தாலே வெடிக்கும்.

படி 4: அறையின் நீளம்

வாங்குபவர்கள் அதிகம் பார்க்காத இடம் இது. குழலின் அடியில், கழற்றினால் தெரியும் தட்டையான பகுதியில், 12-65 அல்லது 12-70, சிலவற்றில் 2½ அல்லது 2¾ என்று அடித்திருக்கும். அது தோட்டா இருக்கும் அறையின் நீளம்: 65 மில்லிமீற்றர் அல்லது 70 மில்லிமீற்றர். புதிய துவக்குகளில் 76உம் வரும்.

பெட்டியில் எழுதியிருக்கும் 70 என்பது தோட்டா வெடித்து வாய் விரிந்த பின்னர் உள்ள நீளம். வெடிக்காத தோட்டா மடிப்போடு அதைவிடக் கட்டை. அதனால் 70 தோட்டா 65 அறைக்குள் தாராளமாகப் போகும், துவக்கும் பூட்டும். "போகுது தானே" என்று சுட்டால் வாய் விரிய இடமில்லாமல் அறையின் முன்விளிம்பில் நெரியும், அழுத்தம் ஏறும். குறைந்த அறைக்கு நீளத் தோட்டா கூடாது, நீள அறைக்குக் கட்டைத் தோட்டா போடலாம். அடித்த எழுத்து தேய்ந்து வாசிக்க முடியாவிட்டால் துப்பாக்கி திருத்துபவரிடம் கொடுத்து அளந்துகொள்ளுங்கள்.

20 போர் தோட்டா ஒன்றும் 12 போர்க்காரர் பையில் இருக்கக் கூடாது. அது 12 குழலுக்குள் வழுகி முன்னே போய் நிற்கும். தோட்டா போடவில்லை என்று நினைத்து 12ஐப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கக்கூடும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான்.

படி 5: எந்தச் சன்னம்

சன்னத்தின் பருமனுக்குப் பெயர்கள் உண்டு. பிரித்தானிய அளவில் எல்.ஜி. சன்னம் 9.1 மில்லிமீற்றர், ஓர் அவுன்ஸில் 6 சன்னம். எஸ்.ஜி. 8.4 மில்லிமீற்றர், அவுன்ஸுக்கு 8. பிபி 4.1 மில்லிமீற்றர், அவுன்ஸுக்கு 70. நம்பர் 4 என்பது 3.1 மில்லிமீற்றர். பன்றிக்கு எஸ்.ஜி.தான். 32 கிராம் நிரப்பில் 9 சன்னம் வரும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றரைக் கிராம்.

பிபி எடுத்தால் நிறையச் சன்னம், தப்பாது என்று சிலர் நினைக்கிறார்கள். வளர்ந்த ஆண் பன்றியின் தோளில் தோலுக்குக் கீழே தடித்த கவசம் போல ஒரு படை இருக்கிறது. நாலு மில்லிமீற்றர்ச் சன்னம் அதில் நின்றுவிடும். பன்றி போய்விடும், காட்டுக்குள் பல நாள் அழுகிச் சாகும். அப்படிக் காயம்பட்ட பன்றி விறகுக்குப் போகும் பெண்களைத்தான் முதலில் சந்திக்கும். சிறு சன்னத்தைத் தெரிவு செய்யாதீர்கள்.

எஸ்.ஜி.க்கு 25 மீற்றருக்குள் வையுங்கள். 35க்கு மேல் 9 சன்னமும் பரவிவிடும், எது எங்கே படும் என்று சொல்ல முடியாது. குழல் வாயின் ஒடுக்கம் (சோக்) முழுச் சுருக்கமாக இருந்தால் பெரிய சன்னங்கள் ஒன்றையொன்று நெரித்துச் சிதறுவதுண்டு. அரைச் சுருக்கம் அல்லது அதற்கும் குறைவானது பல துவக்குகளில் நன்றாகக் கூட்டும். அனுமதியுள்ள சுடுகளத்தில் 25 மீற்றரில் ஒரு பெரிய கடதாசியில் இரண்டு மூன்று வெடி வைத்துப் பார்த்தால் உங்கள் துவக்கின் குணம் தெரியும்.

எஸ்.ஜி. சன்னம் மேல்நோக்கிப் பறந்தால் சுமார் 650 மீற்றர் போகும். தம்பலகாமத்து வயல் வெளியில் 650 மீற்றருக்குள் எத்தனை காவல் கொட்டில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இதனால்தான் பரண் நல்லது. மூன்று மீற்றர் உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது தவறிய சன்னம் மண்ணில் புதையும். அடிவானத்தை நோக்கி ஒரு வெடியும் வேண்டாம்.

கையால் நிரப்பிய தோட்டா, இரும்புத் துண்டு போட்ட தோட்டா எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்க வேண்டாம். உரிமத்தைக் காட்டி வாங்கும் தொழிற்சாலைத் தோட்டா மட்டும்.

படி 6: விசையைத் தொட முன்னர்

டோர்ச் வெளிச்சத்தில் மான் கண்ணும் மாட்டுக் கண்ணும் பளிச்சென்று மின்னும். பன்றியின் கண் மங்கலாகத்தான் தெரியும். கண்ணை மட்டும் பார்த்து ஒருபோதும் சுட வேண்டாம். முழு உடம்பும் தெரிய வேண்டும்: தாழ்ந்த தலை, நீண்ட மூக்கு, முதுகில் நிமிர்ந்த மயிர். பெரும்போகக் காலத்தில் கட்டறுத்த மாடும் எருமையும் பன்றி அளவுக்கு நெல்லுக்குள் படுத்திருக்கும். குளக்கட்டில் மீன் பிடிக்க வருபவர்களும் உண்டு.

வெடிக்காமல் "டிக்" என்று மட்டும் கேட்டால் குழலை மண்ணை நோக்கிப் பிடித்தபடி 30 செக்கன் பொறுத்திருங்கள்; பிந்தி வெடிக்கலாம். மாரி ஈரம் குடித்த தோட்டாவில் இது அடிக்கடி வரும். சத்தம் வழக்கத்தை விட மந்தமாக இருந்தால் அது இன்னும் ஆபத்து. மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையிலுள்ள அடைப்பு குழலுக்குள் நின்றிருக்கும், அடுத்த வெடி குழலைப் பிளக்கும். திறந்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த தோட்டா.

பட்ட பன்றி புதருக்குள் போனால் இரவில் பின்தொடர வேண்டாம். விடிந்த பிறகு இருவராகப் போங்கள்.

மானுக்கு என்ன செய்வது

வேலிதான். புள்ளிமான் பாயும், எட்டு அடி, அதாவது 2.4 மீற்றர் உயரம் வேண்டும். கடற்கரையில் கிடைக்கும் பழைய மீன்வலை மலிவான பொருள். ஆனால் தொங்கவிட்டால் கிடாயின் கொம்பு சிக்கி, இழுத்து இழுத்துச் செத்துவிடும். மூன்று மீற்றருக்கு ஒரு கட்டை நட்டு, மேலும் கீழும் கயிறு ஓட்டி, வலையை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். வீட்டு மின்சாரத்தைக் கம்பிக்குக் கொடுப்பதும், கம்பி தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு வைப்பதும், தீனிக்குள் மறைக்கும் பன்றிவெடி வைப்பதும் மானையும் யானைக்குட்டியையும் அயல்வீட்டுப் பிள்ளையையும் ஒரே மாதிரிக் கொல்லும். மூன்றும் சட்டவிரோதம்.

வைத்திருத்தல்

கொட்டியாரக் குடாவின் காற்று ஒரு வாரத்தில் குழலில் துரு வைக்கும். சுட்ட அன்றே துணிக்கோலால் துடைத்து, மெல்லிதாக எண்ணெய் தடவுங்கள். அடுத்த முறை சுட முன்னர் அந்த எண்ணெயைத் துடைத்தெடுக்க மறக்காதீர்கள். துவக்கை ஒரு பூட்டிலும், தோட்டாவை மூடித் தகரத்தில் வேறொரு பூட்டிலும் வையுங்கள். வாய் ஊதிய தோட்டா, பித்தளையில் பச்சை படர்ந்த தோட்டா அறைக்குள் போகாது, போனாலும் வெளியே வராது. அவற்றைத் தனியாக ஒதுக்கி, உரிமம் புதுப்பிக்கப் போகும்போது எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டு ஒப்படையுங்கள்.