தீபாவளி வாணவேடிக்கைய ட்ரோன்ல எடுக்கணுமா, இத பாத்துட்டு பறக்க விடுங்க
முதல் வேலை ஆட்டோ எக்ஸ்போஷர ஆஃப் பண்றது. வானம் கருப்பா இருக்குன்னு கேமரா அதுவா வெளிச்சத்த ஏத்திக்கும், ராக்கெட் வெடிச்ச உடனே கலர் எல்லாம் போயி வெறும் வெள்ளைப் பொட்டாதான் தெரியும். அதனால மேனுவல்ல ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்த ஏத்திக்கிற அளவு) 100ல இருந்து 400க்குள்ள, செகண்டுக்கு 25 ஃப்ரேம்னா ஷட்டர் 1/50 செகண்ட், ஒயிட் பேலன்ஸ் (கலர் சாயல்) 5000 கெல்வின் கிட்ட லாக். பகல்ல வெளிச்சத்த குறைக்கப் போட்ட என்டி ஃபில்டர கழட்டிடுங்க. ஃபோகஸ தூரத்துல தெரியுற தெருவிளக்குல புடிச்சு மேனுவலுக்கு மாத்திட்டா, நடுவுல மங்கி மங்கித் தெளியுற தொல்லை இல்ல.

இருட்டுல சின்ன ட்ரோன்ல மோதாம இருக்க வழி பாக்குற கேமரா சென்சார் எதையும் ஒழுங்கா பாக்காது, தென்னை மரம், செல்போன் டவர், கேபிள் ஒயர் எதுவும் அதுக்குத் தெரியாது, அதனால பகல்லயே மொட்டை மாடில நின்னு சுத்தி என்ன இருக்குன்னு பாத்து, ரிட்டர்ன் டு ஹோம் (ட்ரோன் தானா திரும்பி வர்றது) உயரத்த எல்லாத்துக்கும் மேல வெச்சுக்கோங்க. ஜிபிஎஸ் கெடைச்சு ஹோம் பாயின்ட் (அது திரும்பி வர வேண்டிய எடம்) பதிவாகுறதுக்கு முன்னாடி ஏத்தாதீங்க. எறங்குற எடத்துல ஒரு லைட் எரியட்டும்.

வெடிக்குள்ள நுழைஞ்சு எடுக்குறது வீண் வீரம், காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருதோ அந்தப் பக்கமா தள்ளி நின்னா புகையும் வராது. கூட்டத்துக்கு மேல பறக்கவே வேணாம்.

அப்புறம் ட்ரோன் எங்க பறக்கலாம்னு காட்டுற அரசோட டிஜிட்டல் ஸ்கை மேப்ப பாருங்க, மீனம்பாக்கம் ஏர்போர்ட் பக்கம் வீடுன்னா ட்ரோன் 250 கிராமுக்குள்ள இருந்தாலும் ரெட் ஸோன்ல அனுமதியில்லாம பறக்க முடியாது.