கர்ப்ப காலத்தில் இடுப்புத்தளப் பயிற்சி: இறுக்கவும் தெரியணும், தளர்த்தவும் தெரியணும்

ஏற்காட்டிலிருந்து செக்கப்புக்காக பஸ்ஸில் சேலம் வந்த ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் என்னிடம் சொன்னது இது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்குவதற்குள் குமட்டல் வந்துவிட்டது. ஜன்னலோரம் குனிந்து வாந்தி எடுத்த அந்த நொடியில் கீழே நனைந்துவிட்டது. "தண்ணிக்குடம் உடைஞ்சிருச்சுன்னே நெனச்சேங்க. அடிவாரம் வர்ற வரைக்கும் உசுரே இல்ல." மருத்துவமனையில் பரிசோதித்துப் பார்த்து, அது வெறும் சிறுநீர்தான் என்றார்கள். பயம் போனது, வெட்கம் வந்தது. வீட்டில் அத்தை, "புள்ளைத்தாச்சின்னா அப்படித்தான் கண்ணு, எல்லாருக்கும் வர்றதுதான்" என்று சொல்லிவிட்டாராம்.

அத்தை சொன்னதில் பாதி சரி. இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவது கர்ப்பிணிகள் பலருக்கும் வருவதுதான். ஆனால் பலருக்கும் வருகிறது என்பதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிசியோதெரபிஸ்டாக நான் சொல்லித்தரும் பயிற்சிகளில், இவ்வளவு எளிதாக இருந்தும் இவ்வளவு பேருக்குத் தெரியாமல் இருப்பது, கசிவைக் குறைக்கும் இந்த இடுப்புத்தளப் பயிற்சிதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் நேராக மருத்துவமனைக்குப் போனது மிகச் சரி. நனைவது சிறுநீரா, பனிக்குட நீரா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் உடனே போய்க் காட்டிவிடுங்கள்.

எந்தத் தசை இது?

முன்பக்கம் அந்தரங்க எலும்பிலிருந்து பின்பக்கம் வால் எலும்பு வரை, கீழே தூளி கட்டியது போல விரிந்திருக்கும் தசைகள். டாக்டர்கள் 'பெல்விக் ஃப்ளோர்' என்பார்கள், தமிழில் இடுப்புத்தளம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது இந்தத் தூளிதான். சிறுநீர், மலம், காற்று எதுவும் நாம் நினைக்காமல் வெளியேறாதபடி பிடித்து வைப்பதும் இதுதான். மாதம் ஏற ஏற மேலே பாரம் கூடுகிறது. ஹார்மோன் மாற்றத்தால் தசையைச் சுற்றியுள்ள திசுக்களும் நெகிழ்கின்றன. அதோடு மலச்சிக்கலும் விடாத இருமலும் சேர்ந்தால் தூளி இன்னும் இறங்கும்.

இதற்கான பயிற்சியை 1948இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் எழுதி வெளியிட்டார். இன்றும் 'கெகல் பயிற்சி' என்றுதான் பெயர். அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பலர் 'இறுக்கு, இறுக்கு' என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். குழந்தை வெளியே வரும் நேரத்தில் இந்தத் தசை நன்றாக விரிந்து கொடுக்க வேண்டும். அதனால் இறுக்குவதைப் போலவே தளர்த்துவதையும் பழக வேண்டும்.

யார் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்?

ரத்தப்போக்கு, நஞ்சு (பிளசென்டா) கீழிறங்கி இருப்பது, கருப்பை வாயில் தையல், முன்கூட்டியே பிரசவ வலி வந்தது: இவற்றில் ஒன்று இருந்தாலும் கேட்காமல் தொடங்காதீர்கள். இன்னொரு வகைப் பெண்களும் உண்டு. தாம்பத்திய உறவில் வலி, சிறுநீர் வர நேரமாவது, வால் எலும்பில் ஓயாத வலி இருப்பவர்கள். இவர்களுக்குத் தசை ஏற்கனவே இறுகிக் கிடக்கலாம். மேலும் இறுக்கினால் தொல்லை கூடும். முதலில் பிசியோதெரபிஸ்டிடம் காட்ட வேண்டும்.

மற்றவர்கள் கர்ப்பம் உறுதியானதிலிருந்தே செய்யலாம்.

படி 1: படுக்கும் விதம்

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. ஐந்தாம் மாதத்துக்கு மேல் நெடுநேரம் மல்லாந்து படுத்துச் செய்ய வேண்டாம். கருப்பையின் பாரம் முதுகுத்தண்டை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரலாம்.

படி 2: மூச்சு

ஒரு கையை விலாவின் மேல் வையுங்கள். மூக்கால் மெதுவாக மூச்சை இழுங்கள். விலா விரியும், வயிறு முன்னே வரும், கீழே தூளியும் லேசாக இறங்கித் தளரும். மூச்சை விடும்போது அது தானாக மேலே வரும். இப்படி ஐந்து முறை. இதில் எதையும் இறுக்க வேண்டாம். அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள், தளர்த்துவது எப்படி என்று உடம்பு இங்கேதான் கற்றுக்கொள்கிறது.

படி 3: தசையைக் கண்டுபிடிப்பது

நிறையப் பேர் தடுமாறும் இடம் இது. விசேஷ வீட்டில் நாலு பேர் நடுவே உட்கார்ந்திருக்கிறீர்கள், காற்று பிரியாமல் அடக்குகிறீர்கள். அப்போது ஆசனவாயை உள்ளே இழுப்பீர்கள் அல்லவா? அதேபோல் இழுங்கள். கூடவே முன்பக்கம் சிறுநீரை அடக்குவது போலவும் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து உள்ளே, மேலே ஏற வேண்டும். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே செய்தால் எளிதாக வரும்.

சரியாகச் செய்கிறோமா என்று எப்படித் தெரியும்? பிட்டத்தில் கை வைத்துப் பாருங்கள், மெத்தென்று இருக்க வேண்டும். தொடை இறுகக்கூடாது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணுங்கள். எண்ண முடியவில்லையென்றால் மூச்சைப் பிடித்திருக்கிறீர்கள். கையளவு கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்க்கவும் தயங்க வேண்டாம், அது உங்கள் உடம்பு. பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள இடம் உள்வாங்கினால் சரி. வெளியே புடைத்தால் முக்குகிறீர்கள் என்று அர்த்தம். நிறுத்திவிட்டு மறுபடி மூச்சிலிருந்து தொடங்குங்கள்.

சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

படி 4: எண்ணிக்கை

மூன்று வினாடி பிடித்து, ஆறு வினாடி முழுதாகத் தளர்த்துங்கள். இப்படி ஐந்து முறையில் தொடங்கலாம். தளர்ந்தது தெரிந்த பிறகே அடுத்தது. வாரம் ஆக ஆகக் கூட்டி, பத்து வினாடி வீதம் பத்து முறை வரை கொண்டுபோங்கள். முடிவில் 'டக் டக்'கென்று பத்து முறை இறுக்கித் தளர்த்துங்கள். தும்மல் சொல்லிக்கொண்டு வருவதில்லை, அதற்கு இந்த வேகம் வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஒரு வாரத்தில் பலன் தெரியாது, மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும்.

படி 5: அன்றாட வேலையில்

இருமலோ தும்மலோ வரப்போகிறது என்று தெரிந்ததும், அதற்கு முன்பே ஒரு முறை இறுக்குங்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் கட்டிலிலிருந்து எழும்போதும் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இறுக்குங்கள். மலைப்பாதை பஸ்ஸில் குமட்டல் எழும்போதும் இதுதான் கை கொடுக்கும். காரியம் முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். நாள் முழுக்க இறுக்கிப் பிடித்திருப்பது தவறு.

அம்மாப்பேட்டைப் பக்கம் தறியில் உட்காருபவர்கள் அரைமணிக்கு ஒரு முறை எழுந்து நாலடி நடங்கள். எஸ்டேட்டில் காபிப் பழம் பறிப்பவர்கள் மூட்டையைத் தலையில் ஏற்றாதீர்கள். இதை அந்தப் பெண்களிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை, வேலை வாங்குபவர்களும் வீட்டிலுள்ளவர்களும் கேட்க வேண்டும்.

கசிவுக்குப் பயந்து பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். சிறுநீர் செறிவாகி எரிச்சல், நோய்த்தொற்று, மலச்சிக்கல் எல்லாம் இதனால் வரும். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் இறுகினால் மாத்திரையை நிறுத்தாமல் நர்சம்மாவிடம் சொல்லுங்கள். கீரை, கொய்யா, கம்மங்கூழ் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கத்திய டாய்லெட்டில் காலுக்குக் கீழே சின்ன முக்காலி போட்டால் முக்க வேண்டியிருக்காது.

கடைசி வாரங்கள்

34, 35 வாரத்துக்கு மேல் படி 2க்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். மூச்சை இழுக்கும்போது கீழே எல்லாம் பூப்போல விரிவதாக நினைத்துத் தளர்த்திப் பழகுங்கள். பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதியைச் சுத்தமான விரலால் மெல்ல நீவிவிடும் முறையும் இந்தச் சமயத்தில் உண்டு. டாக்டரிடம் கேட்டு, நேரில் கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

யாரிடம் கேட்பது?

ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. அன்று வாய்திறந்து, "இருமினா யூரின் கசியுது, பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். கேட்காவிட்டால் யாருக்கும் தெரியாது. பிசியோதெரபிஸ்ட் உள்பரிசோதனை செய்ய விரும்பினால் உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது. வேண்டாம் என்று சொல்லலாம், துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம்.

ரத்தம், நிற்காத நீர்க்கசிவு, விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம், குழந்தையின் அசைவு குறைவது, காய்ச்சலோடு எரிச்சல், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது: இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மலைமேல் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு, சிறுநீருக்குக் குழாய் போட்டிருந்தால் அதை எடுத்து, சிறுநீர் தாராளமாகப் போனதும் மெதுவாக மறுபடி தொடங்கலாம். சிசேரியன் ஆனவர்களுக்கும் இது வேண்டும், பத்து மாதப் பாரத்தை அந்தத் தசையும் தாங்கியிருக்கிறதே. மூன்று மாதம் கழித்தும் கசிவு இருந்தால், குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் அன்றே உங்களையும் காட்டிவிட்டு வாருங்கள்.