பல மொழி பேசும் லைனில் புது சூப்பர்வைசர்கள் செய்யும் தவறுகள்

ஆரம்பாக்கம் தாண்டித் தடா பக்கம் போனாலும் சரி, இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் வந்தாலும் சரி, தொழிற்சாலையின் ஒரே உற்பத்தி லைனில் தமிழ், தெலுங்கு, ஒடியா, இந்தி என்று நாலு மொழி காதில் விழும். டிப்ளமோ முடித்து லைனில் நின்றவர்கள் ஆண்டுதோறும் சூப்பர்வைசராக ஏறுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஏறியவர்கள் செய்த அதே தவறுகளை, அதே வரிசையில் செய்கிறார்கள். கத்தாதே, கெட்ட வார்த்தை பேசாதே, சாதி கேட்காதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்ல மனசோடு செய்து ஆளை இழக்கும் தவறுகளைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஒரே ஆளை மொழிபெயர்க்க வைப்பது

ஒவ்வொரு லைனிலும் மூன்று மொழி தெரிந்த ஒருவர் இருப்பார். சூலூர்பேட்டைப் பக்கம் தமிழும் தெலுங்கும் கலந்து வளர்ந்தவராக இருக்கலாம். கான்ட்ராக்டரின் மேஸ்திரியாகவும் இருக்கலாம். புது சூப்பர்வைசருக்கு அவரைப் பார்த்ததும் பாதி பாரம் இறங்கிவிடும். முதலில் வேலை முறையை அவர் மூலம் சொல்வார். பிறகு லீவு கேட்பதும் அவர் வழியாக வரும். கொஞ்ச நாளில் முப்பது பேர் மனசில் இருப்பது அத்தனையும் ஒரே வாய் வழியாகத்தான் சூப்பர்வைசருக்கு வந்து சேரும். அவரோ, எல்லோரிடமும் பேசுகிறோம் என்றே நம்பிக்கொண்டிருப்பார்.

உணர்வுசார் நுண்ணறிவு என்ற கருத்தை 1990-இல் முன்வைத்த பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும், 1997-இல் அதை நான்கு திறன்களாக வகுத்தார்கள். தன் உணர்வையும் எதிரில் இருப்பவரின் உணர்வையும் சரியாகக் கண்டுகொள்வதுதான் அதில் அடிப்படை. மற்ற மூன்றும் அதன் மேல் நிற்பவை. இடையில் ஒரே ஆளை நிறுத்தினால் அந்த அடிப்படையே அடைபட்டுப் போகிறது.

இப்படித்தான் நடக்கும்: பாகம் பொருத்தும் லைனில் ஒடிசாப் பெண் ஒருத்தி மூன்று நாளாக இடைவேளை முடிந்து தாமதமாக வருகிறாள். என்னவென்று கேட்டால், "சோம்பேறித்தனம் சார், நான் பேசிக்கறேன்" என்கிறார் நடுவில் இருப்பவர். நாலாம் நாள் மெமோ. உண்மை வேறு. நைட் ஷிப்டில் பக்கத்துக் கழிவறையைப் பூட்டிச் சாவியை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிடுகிறார்கள். சாவி கேட்டால் அந்த ஆள் எதற்கு என்று கேட்கிறார். கூச்சப்பட்டு அவள் அடுத்த பிளாக் வரை நடந்து போய் வருகிறாள். இரண்டு முறை சொல்லியும் இருக்கிறாள். மொழிபெயர்த்தவருக்கு அது சொல்லத் தகுந்த விஷயமாகப் படவில்லை. அவள் ஊருக்குக் கிளம்பும்போது ரூமில் இருக்கும் இன்னும் இருவரும் கூடவே கிளம்பிவிடுவார்கள். புது ஆட்கள் கை பழகும் வரை ரிஜெக்ஷன் ஏறும். வேலை நேரம் முழுவதும் கழிவறை எட்டும் இடத்தில் திறந்திருக்க வேண்டும் என்று 1948-இன் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. பூட்டை ஒரு நாளில் எடுத்திருக்கலாம் என்பதுதான் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

நடுவில் இருப்பவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. நீளமாகச் சொன்னதைச் சுருக்குவார். தனக்குப் புரியாததை விட்டுவிடுவார். மேஸ்திரி ரூம் வாடகை என்று சம்பளத்தில் கூடுதலாகப் பிடிக்கிறார் என்றால், அந்தப் புகார் மேஸ்திரி வாய் வழியாக எப்படி வரும்? மாதவிடாய் வலியை ஒரு ஆணிடம் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பெண் லீவு போட்டுவிடுவாள்.

வழி இருக்கிறது. வேலை முறை சொல்ல ஒருவர், லீவு விஷயத்துக்கு வேறொருவர், புகாருக்குக் கான்ட்ராக்டரின் கீழ் இல்லாத மூன்றாவது ஆள், பெண்களுக்குப் பெண் என்று பிரித்துவிடுங்கள். பேசும்போது நீங்கள், தொழிலாளி, மொழிபெயர்ப்பவர் மூவரும் முக்கோணமாக உட்காருங்கள். மொழிபெயர்ப்பவரைப் பார்க்காமல் தொழிலாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், "அவங்க கிட்ட கேளு" என்பதே வேண்டாம். இரண்டு வாக்கியம் பேசி நிறுத்துங்கள். தொழிலாளி "எனக்கு வலிக்குது" என்றால் மொழிபெயர்ப்பவரும் "எனக்கு வலிக்குது" என்றே சொல்லட்டும். "வலிக்குதாம்" என்று ஆரம்பித்தால் அவருடைய அபிப்பிராயமும் உள்ளே வந்துவிடும்.

வாரம் ஒரு தடவை, ஒரே கேள்வியை இரண்டு வேறு ஆட்கள் மூலம் கேளுங்கள். பதில் மாறினால், தேட வேண்டிய இடம் அதுதான்.

மொழிபெயர்ப்பவரையும் கவனியுங்கள். பேசப் போன அரை மணி நேரத்துக்கு அவருடைய டார்கெட் குறையவில்லை என்றால், சுருக்கிப் பேசிவிட்டு ஓடத்தான் பார்ப்பார். அந்த நேரத்தை டார்கெட்டில் கழித்து எழுதிக் கொடுங்கள்.

பாலியல் தொல்லைப் புகார் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் லைன் ஆள் வழியாகப் போகக் கூடாது. 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியாள் ஒருவர். கான்ட்ராக்ட் தொழிலாளரும் இதில் அடக்கம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை தரலாம். குழுவினர் பெயரைத் தமிழிலும் இங்கிலீஷிலும் மட்டும் ஒட்டினால் ஒடியா படிக்கும் பெண்ணுக்கு அது வெறும் சுவர்தான். லைனில் எத்தனை மொழியோ அத்தனையிலும் ஒட்டுங்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பது

எல்லோரும் தலையாட்டுவார்கள். "முதல்ல எந்த ஸ்க்ரூ?" என்று கேட்டு, கையால் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கோபம் வந்த ஷிப்டிலேயே மெமோ எழுதுவது

மறுநாள் எழுதுங்கள்.

ஒருவரை எல்லோர் முன்னும் தூக்கிப் பாராட்டுவது

சிலருக்கு அது தண்டனை. ஒரே ரூமில் எட்டுப் பேர் தங்கும்போது, ஒருவரை மட்டும் கைதட்டிப் பாராட்டினால் இரவு ரூமில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். தனியாகக் கூப்பிட்டு, எந்த வேலையை எப்படிச் சரியாகச் செய்தார் என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

தீபாவளியோடு லீவுக் கணக்கை முடிப்பது

பொங்கலும் சங்கராந்தியும் சேர்ந்தே வருவதால் தமிழ், தெலுங்கு ஆட்களுக்குச் சிக்கல் இல்லை. பீகார் ஆட்களுக்கு உயிரான பண்டிகை சட் பூஜை. அது தீபாவளிக்கு ஆறாம் நாள். தீபாவளி லீவு முடிந்ததும் எல்லோரும் திரும்பிவிட வேண்டும் என்று சொன்னால் பாதிப் பேர் திரும்பவே மாட்டார்கள். ஒடிசாப் பெண்களுக்கு ஜூன் நடுவில் ரஜ பண்டிகை மூன்று நாள். இவற்றையெல்லாம் ஜனவரியிலேயே ரோஸ்டரில் எழுதி, யார் யாருக்கு மாற்றாக வருவார்கள் என்றும் குறித்துவிடுங்கள். சட் பூஜைக்குத் தமிழ் ஆட்களும் பொங்கலுக்குப் பீகார் ஆட்களும் லைனைப் பார்த்துக்கொள்ளலாம். ரம்ஜான் மாதத்தில் மாலை டீ இடைவேளையை நோன்பு திறக்கும் நேரத்துக்குத் தள்ளி வையுங்கள். அந்த நேரம் நாளுக்கு நாள் சற்று மாறும் என்பதால், மாதத்துக்கான அட்டவணையை முன்கூட்டியே வாங்கி கேன்டீனில் கொடுத்துவிடுங்கள்.